குளித்துக்கொண்டே இருந்த சிநேகிதி

"யாரோட சாப்பிடறே?" என்று அம்மா போனில் கேட்டபோது பாப்பாவின் வாய் நிறைய ரொட்டி இருந்தது.

எதிர் நாற்காலியில் அவளுடைய பை இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவளுடைய குடை. யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் அவற்றை அங்கே வைக்கவில்லை. யாரும் வந்து உட்காரவில்லை என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக வைத்திருந்தாள்.

"ஃப்ரெண்டோட" என்றாள் ரொட்டியை விழுங்கிவிட்டு.

"அப்படியா! பேரு?"

பல்கலைக்கழகக் கேன்டீனில் அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பெயர்கூடப் பாப்பாவுக்குத் தெரியாது. இரண்டு மேசை தள்ளி ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதுகு என்று சொல்வதுகூடச் சரியில்லை. முழுக்க முடி. நாற்காலியின் இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்த சுருட்டை முடி.

"சுருட்டை" என்றாள் பாப்பா.

"பேரே அதுதானா?"

"இல்லம்மா, நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

'நாங்க எல்லாரும்' என்ற அந்த இரண்டு சொல்லில் அம்மா குளிர்ந்து போனாள் என்பது அவள் விட்ட பெருமூச்சிலேயே தெரிந்தது. பாப்பாவும் ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுடையது வேறு வகை.

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். அதனால் பதினெட்டு வயதிலும் அவள் பாப்பாவாகவே இருந்தாள். வெளியூரில் இடம் கிடைத்தபோது, "நீ தனியா இருப்பியேம்மா, நான் போகலை" என்று இரண்டு நாள் அழுதாள். "எனக்கு என்னடி? இங்க ஆளா இல்லை? நீ போய் நாலு பேரோட பழகு. அங்க உனக்குப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு, மறுநாளே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று அம்மா பெட்டியை மூடிப் பூட்டிவிட்டாள்.

நாலு பேரோடு பழகுவது அவ்வளவு லேசாக இல்லை. முதல் நாள் தப்பான வகுப்பில் போய் உட்கார்ந்தாள். எழுந்து போகக் கூச்சப்பட்டு, புள்ளியியல் படிக்க வந்தவள் முழு ஒரு மணி நேரம் மண்புழுவின் செரிமானத்தைக் குறிப்பெடுத்தாள். சரியான வகுப்பைக் கண்டுபிடித்துப் போவதற்குள் எல்லோரும் இரண்டு இரண்டு பேராகவும் மூன்று மூன்று பேராகவும் சேர்ந்து போயிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் ஓரத்திலும் போய் நின்று பார்த்தாள். அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிடிக்கவில்லை என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை. படிப்பு பிடித்திருந்தது. நூலகம் பிடித்திருந்தது. தன் அறை ஜன்னலில் சாயங்காலம் வந்து விழும் வெயில்கூடப் பிடித்திருந்தது. அதைப் பார் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். இதை அம்மாவிடம் சொன்னால் மறுநாளே வந்து நிற்பாள்.

ஆக, சுருட்டை இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

இருந்தால் மட்டும் போதவில்லை. அவளைப் பற்றி அம்மா தினமும் விசாரித்தாள். சுருட்டை இயற்பியல் படிக்கிறாள் என்று ஒரு நாள் சொன்னாள் பாப்பா. நன்றாகப் பாடுவாள் என்றும், பூனை என்றால் பயந்து ஓடுவாள் என்றும் அடுத்தடுத்த நாட்களில் சேர்த்தாள். இங்கே ஒரு சிக்கல். அம்மா வீட்டிலிருந்தபடியே ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். நூறாம் பக்கத்தில் கதாநாயகனின் சித்தப்பா செத்துப்போய், நூற்றிருபதாம் பக்கத்தில் காப்பி குடித்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுகிற ஆள்.

"முந்தாநாள் அவ ஒரே பொண்ணுன்னு சொன்னே. இப்ப அவ அண்ணன்ங்கறே."

"பெரியப்பா பையன்மா."

"ம்" என்றாள் அம்மா.

அந்த 'ம்' தான் சுழி.

பேச்சை மாற்றுவதற்காக, "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்பாள். "எனக்கென்ன, டீச்சரம்மா இருக்கா" என்பாள் அம்மா. தெருக்கோடிக்குப் புதிதாகக் குடி வந்தவளாம். சாயங்காலம் ஆனால் நடக்கக் கூப்பிட வந்துவிடுகிறாளாம். மூட்டுவலிக்காரியாம், ஆனாலும் விடமாட்டாளாம். "இதோ வாசல்ல வந்து நிக்கறா பாரு, வைக்கறேன்" என்று பல நாள் அம்மாதான் முதலில் போனை வைத்தாள். அம்மாவுக்கே ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள், தனக்குக் கிடைக்கவில்லையே என்று பாப்பாவுக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

பிறகு அம்மா, "போனைச் சுருட்டைகிட்ட குடு" என்றாள்.

"அவ குளிச்சிட்டிருக்காம்மா."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் சுருட்டை குளித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. பாப்பாவுக்கு வேறு சாக்கு தோன்றாததுதான் காரணம்.

"ஏண்டி, அவ பொண்ணா, மீனா?" என்றாள் அம்மா ஒரு வாரம் போனதும். "நாளைக்கு அவ ஈரத் தலையோட வந்தாலும் பரவாயில்லை, நான் பேசணும்."

மறுநாள் மத்தியானம் பாப்பா கேன்டீனில் அந்த முடிக்காகக் காத்திருந்தாள். வந்தது. பின்னாலேயே ஓடினாள்.

"ஒரு நிமிஷம்! ஒரு சின்ன உதவி..."

முடி திரும்பியது. அதற்கு முன்பக்கம் தாடி இருந்தது.

"சொல்லும்மா" என்றார் தாடிக்காரர்.

"நூலகம் எந்தப் பக்கம்னு..." என்றாள் பாப்பா. அவள் நின்றுகொண்டிருந்ததே நூலக வாசலில்தான். அவர் பெருந்தன்மையாகக் கதவைத் திறந்துவிட்டார். அவள் உள்ளே போய், ஓர் அலமாரிக்குப் பின்னால் நின்று, தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் விடுதியின் துணி துவைக்கும் அறைக்குப் போனபோது, ஒருத்தி வாஷிங் மிஷின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். மிஷின் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவளும் ஆடிக்கொண்டிருந்தாள்.

"இறங்கினா இது நடந்து வாசலுக்குப் போயிடும்" என்றாள் அவள். ஜல்லி கொட்டுவது போன்ற குரல். முடி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

நேரமில்லை. அம்மா போன் செய்கிற வேளை.

"எங்கம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசறியா?" என்றாள் பாப்பா.

"எதுக்கு?"

"நீ என் ஃப்ரெண்டுன்னு."

"நான் உன் ஃப்ரெண்டா?"

"இல்லை. அதனாலதான் கேக்கறேன்."

மிஷின்காரி யோசித்தாள். "சரி. பதிலுக்கு நீ வந்து இதுமேல உக்காரு. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

இடம் மாறினார்கள். அதற்குள் போன் அடித்தது. பாப்பா மிஷின்மேல் இருந்தபடி அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்தாள்: "உன் பேரு சுருட்டை. இப்பதான் குளிச்சே." பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினாள்.

"ஆன்ட்டி, நான் சுருட்டை. இப்பதான் குளிச்சேன்."

"ஒரு வாரமா குளிச்சா குரல் இப்படித்தான் ஆகும்" என்றாள் அம்மா. "சூடா ஏதாவது குடி. நல்லாப் பாடுவியாமே, பாப்பா சொன்னா. எனக்காக ரெண்டு வரி பாடேன் கண்ணு."

மிஷின்காரி பாப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். கொலை வழக்கில் சேர்க்கத் தகுந்த பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாலாட்டை ஆரம்பித்தாள். எந்தக் குழந்தையும் அதைக் கேட்டுத் தூங்கியிருக்காது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் எழுந்து வீட்டை விட்டுப் போயிருக்கும். ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு நெட்டையான பெண்ணுக்கு அந்தக் கொடுமை தாங்கவில்லை. மடித்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு வந்து, போனுக்கு அருகே குனிந்து, மீதி தாலாட்டைத் தானே பாடி முடித்தாள். தேனாக இருந்தது.



"ரெண்டாவது வரியிலே தொண்டை திறந்திடுச்சு" என்றாள் அம்மா. "ஆனா ஒரே ஆள் மாதிரி இல்லையே?"

"அது நெட்டைம்மா" என்று பாப்பா மிஷின்மேலிருந்து கத்தினாள். "இன்னொரு ஃப்ரெண்டு!"

"சொல்லவே இல்லையே! ரெண்டு பேரா? ஆமா, நீ ஏண்டி இப்படி உதறிக்கிட்டே பேசறே? காய்ச்சலா?"

"சந்தோஷம்மா."

"சரி சரி. மூணு பேரும் நின்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. சுருட்டையோட முடியை நான் பார்க்கணும்."

போன் நின்றது. மிஷினும் நின்றது. மூவரும் மிஷின்காரியின் முடியைப் பார்த்தார்கள்.

முழுக் கதையையும் பாப்பா அங்கேயே சொல்ல வேண்டியதாயிற்று. நெட்டை துணிக்கூடையில் விழுந்து சிரித்தாள். மிஷின்காரி விலங்கியல் படிப்பவள், சிரிக்காமல் கேட்டாள். "இப்பவே அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு" என்றாள். பாப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சரி, என் முடியைச் சுருட்டு" என்றும் அவளே சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் நெட்டையின் அறையில் வேலை நடந்தது. முடியைச் சூடாக்கிச் சுருட்டுகிற கருவி ஒன்று நெட்டையிடம் இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்கணும்?" என்றாள் பாப்பா.

"சுருள்ற வரைக்கும்."

சுருளவில்லை. புகைந்தது. "ஏதோ கருகற வாசனை வருதே" என்று மிஷின்காரி சொல்லி வாய் மூடுவதற்குள் கூரையிலிருந்த தீ எச்சரிக்கை மணி விடுதியே அதிரும்படி அலறத் தொடங்கியது.

நான்கு மாடியும் கீழே இறங்கியது. தலை நிறைய ஷாம்பு நுரையோடு ஒருத்தி, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருத்தி, பாடப்புத்தகங்களை விட்டுவிட்டுத் தலையணையைக் காப்பாற்றிக்கொண்டு வந்த ஒருத்தி. எல்லோரும் புல்வெளியில் நின்றார்கள். வார்டன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"யார் வேலை இது?"

ஒரு பக்கம் மட்டும் கருகிய தலையோடு மிஷின்காரி நின்றதால் துப்பறிய அதிகம் தேவைப்படவில்லை. மூவரையும் முன்னால் நிறுத்தி, "காரணம் சொல்லுங்க" என்றாள். பாப்பா சொன்னாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். மண்புழுவின் செரிமானத்தில் முன்வரிசை சிரித்தது. தாடியில் பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரக் குளியலில் வார்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பாப்பா சொல்லச் சொல்ல ஒரு கூட்டம் சிரித்தது. சிரித்து முடிக்கும் முன்பே அவளுக்கும் சிரிப்பு வந்தது.

சரியாக அந்த நேரத்தில் அம்மா வீடியோவில் அழைத்தாள். துண்டிக்கப் போன விரல் வேறு எதையோ அழுத்த, அம்மாவின் முகம் திரையில் முளைத்தது.

"படம் எங்கடி? ஐயோ, யாரு இவ்வளவு பேரு?"

ஷாம்பு நுரைக்காரிதான் முதலில் கத்தினாள்: "நாங்க எல்லாரும் பாப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் ஆன்ட்டி!"

"ஆமா ஆன்ட்டி!" என்றது புல்வெளி முழுவதும்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "இத்தனை பேரையும் நான் நேர்ல பார்க்க வேண்டாமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர்றேன். டீச்சரம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

விடுதிப் பொதுச் சமையலறையை ஒரு மாதம் சேர்ந்து கழுவ வேண்டும் என்று வார்டன் மூவருக்கும் தண்டனை கொடுத்தாள். அந்த வாரம் முழுவதும் அவர்கள் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒத்திகை பார்த்தார்கள்.

"நான் என்ன படிக்கறேன்?"

"இயற்பியல்."

"எனக்கு எதைக் கண்டா பயம்?"

"பூனை."

"சத்தியமா எனக்கு இப்ப உங்கம்மாவைக் கண்டாத்தான் பயம்" என்றாள் மிஷின்காரி.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். கூடவே, கையில் ஒரு பெரிய பையோடு, பருமனான டீச்சரம்மா. அதிகம் பேசாத அம்மாள். பாப்பாவைப் பார்த்ததும், "ஓ, இதுதான் பாப்பாவா" என்று மட்டும் சொல்லி, கன்னத்தைத் தட்டினாள். மின்தூக்கி வேலை செய்யவில்லை. டீச்சரம்மா மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறினாள்.

"மூட்டுவலி தேவலையா டீச்சரம்மா?" என்று பாப்பா மரியாதைக்குக் கேட்டாள்.

டீச்சரம்மா அம்மாவைப் பார்த்தாள்.

"மருந்தை மாத்தினோம். இப்ப நான்தான் அவ பின்னால ஓடவேண்டியிருக்கு" என்றாள் அம்மா.

பாப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவளுக்கு அவள் கவலை. பொது அறையில் தோழிகள் தயாராக இருந்தார்கள். மிஷின்காரியின் கருகிய பக்கத்தைத் துணி போட்டுக் கட்டி, மறுபக்கத்தை முதல் நாள் இரவே பின்னிவைத்துச் சுருளாக்கி வெளியே விட்டிருந்தார்கள்.

"இதுதான் சுருட்டையா!" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இயற்பியல் எல்லாம் எப்படிப் போகுது?"

"எந்த இயற்பியல் ஆன்ட்டி?" என்றாள் மிஷின்காரி.

நெட்டை இருமினாள். பாப்பாவும் இருமினாள்.

"இயற்பியல்லதான் எத்தனையோ வகை இருக்கே ஆன்ட்டி, அதைக் கேட்டேன்" என்று மிஷின்காரி சமாளித்தாள். அதே நேரத்தில் விடுதிப் பூனை கதவிடுக்கு வழியாக வந்து, நேராக அவள் மடியில் ஏறி, வழக்கம்போல் சுருண்டு படுத்தது. அவளும் பழக்கதோஷத்தில் அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள்.

"ம்" என்றாள் அம்மா.

அறையில் பூனையைத் தவிர யாரும் மூச்சு விடவில்லை.

"இவளுக்கு ரொட்டியோட ஓரம் பிடிக்காது ஆன்ட்டி" என்றாள் நெட்டை, எதையாவது பேசவேண்டும் என்று. "தினமும் கிள்ளிக் கிள்ளி என் தட்டுல போட்டுடறா. நான் குண்டாயிட்டேன்."

"தூங்கப்போறதுக்கு முன்னாடி கதவு பூட்டியிருக்கான்னு மூணு தடவை போய்ப் பார்க்கறா" என்றாள் மிஷின்காரி. "போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப என் கதவையும் வந்து பார்த்தா."

இவை எந்த ஒத்திகையிலும் இல்லாதவை. அம்மாவின் முகம் மெல்ல விரிந்தது.

"ஆமாம், ஓரம் தின்னமாட்டா. வீட்டிலயும் அப்படித்தான்" என்றாள். பிறகு பூனையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷாம்பு நுரைக்காரி எட்டிப் பார்த்தாள், தலையணைக்காரி வந்தாள், வார்டன்கூட வந்து, "உங்க பொண்ணு எங்க விடுதியையே கலக்கிட்டா" என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டுப் போனாள். நெட்டை பாடினாள். மிஷின்காரி பாடுகிறேன் என்றபோது எல்லோரும் சேர்ந்து தடுத்தார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதுதான் பாப்பாவுக்கு உறைத்தது. இவர்கள் யாருமே நடிக்கவில்லை. எப்போது நிறுத்தினார்கள் என்றும் தெரியவில்லை. இனி அம்மாவிடம் உண்மையைச் சொல்வதற்கு என்ன பயம்? சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே.

சாயங்காலம் பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்பப் போனாள். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அம்மா வேறு ஏதாவது பேசினாள். நிறுத்தத்துக்கு வந்ததும், "தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன்" என்று எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். பாப்பாவும் டீச்சரம்மாவும் தனியாக நின்றார்கள்.

அம்மாவிடம் நேராகச் சொல்வதைவிட இதுவே நல்ல வழி என்று பாப்பாவுக்குப் பட்டது.

"டீச்சரம்மா, உங்களை நம்பி ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "சுருட்டைன்னு ஒருத்தி ஆரம்பத்துல கிடையவே கிடையாது. நான் தனியா இருக்கேன்னு தெரிஞ்சா அம்மா கவலைப்படுவாங்கன்னு புளுகினேன். அவங்க எல்லாம் அப்புறமா கிடைச்சவங்க. இப்ப நிஜமாவே என் ஃப்ரெண்ட்ஸ்தான். நீங்க அம்மாவுக்கு அவ்வளவு நெருக்கம். திரும்பிப் போகும்போது பக்குவமா நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

டீச்சரம்மா அவளையே பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். எதிர்க் கடையில் அம்மா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அதை நான் எப்படிம்மா சொல்றது? காலையில பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்தேன், 'நான் வீட்டுல தனியா இருக்கேன்னு தெரிஞ்சா என் பொண்ணு படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் டீச்சரம்மாவா இருங்க'ன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்துட்டாங்க, உங்கம்மா பேருகூட எனக்குத் தெரியாது!"